சஹனில் ஆறாவது ஆள்

ஓய்வுபெற்ற பொதுச் சுகாதாரப் பரிசோதகரை ஊர் சீக்கிரம் மறந்துவிடும். கடைக்காரர்கள் அதற்காகவே காத்திருப்பார்கள். ஆனால் இளம் பி.எச்.ஐ.மார் என்னை விட்டபாடில்லை. போன மாதம் மாத்தளையில் அவர்களுடைய கூட்டமொன்றுக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். கேள்வி நேரத்தில் புதிதாக உத்தியோகத்துக்கு வந்த பெண்பிள்ளை ஒருவர் எழும்பினார்.

"சேர், ஒரு பேக்கரியில வேலை செய்ற பிள்ளைக்கு வலிப்பு வந்திருக்கு. யாரோ வீடியோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பிட்டாங்க. இப்ப பேக்கரிய மூடச் சொல்லி எனக்கு ஒரே போன் கோல். எந்தச் சட்டத்துல எடுக்கிறது சேர்?"

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும் என்பது ஊரறிந்த விசயம். "எந்தச் சட்டத்திலயும் எடுக்க ஏலாது மகள். ஆனா எடுக்காம இருக்கிறதுக்கு நெஞ்சுரம் வேணும்" என்றேன். மண்டபம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பிள்ளையை வெளியே கூட்டிவந்து கலேவெலப் பக்கத்து ராசிக்கின் கதையைச் சொன்னேன். அதை எழுதித் தரும்படி அவர்தான் கேட்டார். இதோ எழுதுகிறேன்.

களுத்துறையில் படித்ததையும், முதல் வருடங்களில் கிணறுகளுக்குக் குளோரின் போட்டதையும், நாய்களுக்கு ஊசி போடப் போய்க் கடி வாங்கியதையும் சொல்லப் போனால் பொழுது போய்விடும். உண்மையாக நான் வேலை கற்றது டொக்டர் சுனேத்ரா எங்கள் சுகாதார வைத்திய அதிகாரியாக வந்த பிறகுதான். மெலிந்த மனுஷி. சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. நான் அறைக்குள் புயலாக நுழைந்து, இன்னார் இப்படிச் சொல்கிறார், அன்னார் அப்படிச் சொல்கிறார் என்று கொட்டித் தீர்த்தால், பேனா மூடியால் மேசையைத் தட்டிக்கொண்டு முழுதையும் கேட்பார். பிறகு, "ஹரி" என்பார், சிங்களத்தில் சரி என்று. "கேட்டது போதும் மிஸ்டர் ஜவ்பர். கண்டது என்ன?"

கண்ணால் ஒன்றையும் பார்க்காமல் வந்திருந்தால், திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வர வேண்டும்.

சாப்பாட்டுக் கடைக்குள் எப்படி நுழைவது என்பதையும் அவர்தான் காட்டித் தந்தார். முன் வாசலால் போகவே மாட்டார். "முன்னால போனா கடைக்காரர் காட்டுறதத்தான் பார்ப்பீங்க. பின்னால வாங்க" என்று சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கொல்லைப் பக்கம் நடப்பார். முதலில் கான், அதாவது கழிவுநீர் வாய்க்கால். தண்ணீர் ஓடுகிறதா, தேங்கி நிற்கிறதா? பிறகு தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எதில் மூடி வைத்திருக்கிறார்கள்? பிறகு துடைக்கிற துணி. அதை விரித்து முகர்ந்து பார்ப்பார். என்னையும் முகரச் சொல்வார். பிறகு வெட்டுப் பலகை, குளிர்சாதனப் பெட்டியின் கதவு ரப்பர், வேலை செய்கிறவர்களின் நகம், விரல் இடுக்கில் புண். சாப்பாட்டைக் கடைசியாகத்தான் பார்ப்பார். இவ்வளவும் சரியென்றால் சாப்பாடு பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அவர் சொன்ன இந்த வரிசையை நான் ஓய்வு பெறும்வரை மாற்றவில்லை.

ராசிக்கின் விசயம் வந்தது ஒரு நோன்பு மாதத்தில். கலேவெலவைத் தாண்டி ஒரு முஸ்லிம் கிராமம். பெயர் வேண்டாம், இப்போது அங்கே எல்லோரும் நல்ல மனிதர்கள். பஸ் நிற்கிற இடத்தில் ராசிக்கும் அவருடைய மனைவி பரீதாவும் பராட்டாக் கடை வைத்திருந்தார்கள். ரமழான் வந்தால் கடையைப் பகலில் சாத்திவிட்டுப் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சுவார் ராசிக். இறைச்சியும் தேங்காய்ப் பாலும் இஞ்சியும் றம்பை இலையும் போட்டு அவர் இறக்குகிற கஞ்சிக்காக, பிற்பகல் அசர் தொழுகை முடிந்ததும் ஊர் முழுவதும் வாளியும் சட்டியுமாக வரிசையில் நிற்கும். அக்கம்பக்கத்துச் சிங்கள வீடுகளிலிருந்தும் பாத்திரம் வரும்.

அந்த வரிசைக்கு முன்னால், கஞ்சி அள்ளிக்கொண்டிருந்தபோதே அவருக்கு வலிப்பு வந்துவிட்டது. சிறு வயதிலிருந்தே உள்ள வருத்தம்தான். மருந்தில் அடங்கியிருந்ததால் வீட்டாரைத் தவிர யாருக்கும் தெரியாது. ஒரே நாளில் ஊருக்கே தெரிந்துவிட்டது. இரண்டாம் நாள், யாரோ எடுத்த வீடியோவின் புண்ணியத்தில், குருநாகலுக்கும் தெரிந்துவிட்டது. கஞ்சி முழுவதையும் கானில் ஊற்றினார்களாம்.

மூன்று பேர் என் கந்தோருக்கு வந்தார்கள். முன்னால் வந்தவர் ஹனீபா ஹாஜியார். மிளகும் கராம்பும் வாங்கி விற்கிற பெரிய வியாபாரி, பள்ளிவாசலை நிர்வகிக்கிற நம்பிக்கையாளர்.

"சேர், அந்தக் கடைக்கு சீல் வெய்ங்க" என்றார் ஹாஜியார்.

"என்ன குற்றத்துக்கு?"

"காக்கா வலிப்புக்காரன் சேர்! அவன்ட கையால செஞ்சதத்தான் நாங்க எல்லாரும் தின்னீக்கி. நொர தள்ளிச்சி சேர், நொர! தொத்துற வருத்தம்."

"எத்தனை வருசமா தின்னீங்க?"

"வருசக் கணக்கா."

"யாருக்காவது தொத்திச்சா?"

மூவரும் ஆளை ஆள் பார்த்தார்கள். "இன்னம் இல்ல" என்றார் ஹாஜியார்.

"இன்னம் இல்லையா? வலிப்பு என்ன, தம்புள்ள பஸ்ஸா, லேட்டா வர்றதுக்கு?"

சிரிப்பார்கள் என்று நினைத்தேன். ஹாஜியாரின் முகம் வெளுத்துப் போனது. அது ஏன் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. கூட வந்தவர் பேச்சை மாற்றினார். "எல்லாரும் ஓடின நேரம் ஹாஜியார்தான் சேர் அவனப் பிடிச்சார். சாவிக்கொத்தக் கையில குடுத்து, அகப்பக் காம்ப வாயில வெச்சார்."

"அதுல பல்லு உடைஞ்சிருக்குமே?"

"ஒண்டு உடைஞ்சிச்சி" என்று ஹாஜியார் தலையைக் குனிந்தார். "ஒதவிதான் செஞ்சேன், சேர்."

டொக்டரிடம் போய்ப் பொரிந்து தள்ளினேன். அறிவுகெட்ட சனம், அது இது என்று வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். பேனா மூடி தட்டிற்று. "ஹரி. நீங்க கண்டது என்ன?"

ஆகவே இருவரும் புறப்பட்டோம். வழக்கம்போலக் கொல்லைப் பக்கத்தால் நுழைந்தோம். கான் காய்ந்து சுத்தமாகக் கிடந்தது. துணிகள் கொதிக்க வைத்துக் கொடியில் தொங்கின. நான் முகர்ந்து பார்த்தேன், வெயில் வாசம். வெட்டுப் பலகையில் ஒரு கறை இல்லை. அந்தக் கடைத்தெருவிலேயே அப்படியொரு குசினியை நான் கண்டதில்லை. எண்ணெய் பூசிய மா உருண்டைகள் ஈரத் துணிக்கடியில் வரிசையாக இருந்தன. வாங்கத்தான் ஆள் இல்லை.

"நோன்பு தொறந்தா இந்த எடத்துல நிக்க எடம் ஈக்காது சேர்" என்றார் பரீதா. "இப்ப ஒரு ஈ காக்கா இல்ல. நேத்துப் போட்ட மாவக் கோழிக்குக் குடுத்தேன்."

ராசிக் மூலையில் நின்றார். முப்பத்தைந்து வயதிருக்கும், அகன்ற தோள்கள், முன்பல் ஒன்று பாதிதான் இருந்தது. "சட்டியெல்லாம் வித்துப் போட்டு எங்கயாவது போறேன் சேர். எண்ட கையால யாரும் தின்னாட்டி நான் என்னத்துக்கு?"

டொக்டர் ஒரு பலகையை இழுத்துப் போட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தார். "ராசிக், மருந்து ஒழுங்காக் குடிச்சீங்களா?"

"குடிச்சேன் டொக்டர்."

"பகல் மருந்து?"

அவர் மனைவியைப் பார்த்தார். "நோன்பு டொக்டர். பகல்ல குளிச போட்டா நோன்பு முறிஞ்சிரும். பகல் குளிசய மட்டும் விட்டேன். சில நாள் விடியமுந்திச் சஹர் சாப்பாட்டுக்கு எழும்பப் பிந்தி காலக் குளிசயும் போச்சி."

விசயம் அதுதான். முழு ஊரும் ஜின் என்றும் சூனியம் என்றும் தொற்று என்றும் மண்டையை உடைத்துக்கொண்ட விசயம். அல்லாஹ்வுக்குப் பயந்து நோன்பைக் காத்த மனிதனைத்தான் அந்த ஊர் தள்ளி வைத்திருந்தது. வெட்கப்படாமல் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கியது.

டொக்டர் அங்கிருந்தே கிளினிக் வைத்தியரோடு தொலைபேசியில் பேசினார். அடுத்த கிளினிக்கில் மருந்தை இரண்டு வேளைக்கு மாற்றிக் கொடுத்தார்கள். சஹருக்கு ஒன்று, நோன்பு திறந்ததும் ஒன்று. வருத்தக்காரருக்கு நோன்பில் சலுகை உண்டு என்பதை ஊர் மௌலவியே வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார். அத்தோடு டொக்டர் இன்னொன்றும் சொன்னார். அதைச் சொல்லாவிட்டால் நான் பொய்யனாவேன். நெருப்பு ஆபத்துத்தான். கிளினிக் வைத்தியர் சரி என்று சொல்லும்வரை ராசிக் அடுப்பருகே போகக் கூடாது. அதன் பிறகும் தனியாக நிற்கக் கூடாது, அடுப்பைச் சுற்றி இடுப்பளவு சுவர் எழுப்ப வேண்டும். "இது ராசிக்குக்காக" என்றார் டொக்டர். "சாப்பிடுறவங்களுக்கு ஒரு ஆபத்தும் இல்ல." பரீதா பெருநாளைக்கு முன்னாலேயே சுவரைக் கட்டுவித்துவிட்டார்.

கண்டதைக் கண்டபடி எழுதினேன். கடை சுத்தம், மூடக் காரணமில்லை. ஹாஜியார் பிரதேச சபை உறுப்பினர் ஒருவரைக் கொண்டு கோல் எடுப்பித்தார். டொக்டர் தொலைபேசியில் அவரிடம், "ஹரி சேர், பெருநாள் முடிஞ்சதும் பகல் அந்தக் கடையிலதான் எங்களுக்குச் சாப்பாடு. நீங்களும் வாங்க" என்றார். அந்த மனிதர் பிறகு அழைக்கவே இல்லை.

சொன்னதைச் செய்தார் டொக்டர். நோன்பு மாதம் கழிந்ததும் கந்தோர் முழுவதும், மருத்துவிச்சிமார், லிகிதர், சாரதி பண்டார எல்லோரும், அங்கேதான் பகல் சாப்பிட்டோம். கல்லுக்குப் பக்கத்தில் பரீதா நின்றார், ராசிக் மா வீசினார். பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்கள் சாப்பிட்டார்கள். ஊர்க்காரர் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலில் எழும்பிப் பேசினேன். வலிப்பு மூளையில் வருகிற மின்சாரக் கோளாறு, தொற்றாது. வந்தால் ஆளைப் பக்கவாட்டில் திருப்புங்கள், தலைக்கடியில் மெத்தென்று ஏதாவது வையுங்கள், வாயில் ஒன்றும் திணிக்காதீர்கள், இரும்பும் வேண்டாம் சாவியும் வேண்டாம், ஐந்து நிமிடம் தாண்டினால் ஆஸ்பத்திரி. எல்லோரும் தலையாட்டினார்கள். "நல்ல பேச்சு சேர்" என்று கையைக் குலுக்கினார்கள். குலுக்கிவிட்டு நேரே எதிர்க் கடைக்குப் போய்க் காய்ந்த பராட்டா வாங்கினார்கள். செவிடன் காதில் ஊதிய சங்குதான். எனக்கு வந்த எரிச்சலை எழுதினால் தாள் பற்றிக்கொள்ளும்.

ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்த கையோடு ஹாஜியாரின் மகனுக்கு வலீமா என்கிற கலியாண விருந்து. ஜும்ஆவில் அறிவித்து முழு ஊரையும் அழைப்பது அங்கே வழக்கம். ஒருவரைச் சொல்லி ஒருவரை விட முடியாது. எங்கள் கந்தோருக்கும் அழைப்பு. பந்தலுக்குப் போனபோது, பேரீச்சம்பழ நிறத்தில் சேர்ட் போட்டு, தலைக்குத் தொப்பி வைத்து, ராசிக் ஒரு சஹனின் முன்னால் உட்கார்ந்திருந்தார். தனியாக.

வெளியூர் வாசகருக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் விருந்தில் ஆளுக்கொரு சாப்பாட்டுக் கோப்பை கிடையாது. சஹன் என்ற பெரிய தட்டில் சோறு மலைபோல வரும். ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டிலிருந்து கையால் சாப்பிடுவோம். ஆறு பேரும் சேரும்வரை சஹனின் மூடியை எடுக்க மாட்டார்கள். தட்டு ஒன்று, கை ஆறு. பணக்காரன் ஏழை பார்க்காமல் உட்காருவது என்று பெருமையடிப்போம். அன்று அந்தப் பெருமை எங்கே போனதோ. ராசிக்கின் சஹனைத் தாண்டித் தாண்டி ஆட்கள் போனார்கள். எனக்கு முன்வரிசையில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் இடம் வைத்திருந்தார்கள்.

நான் நேரே போய் ராசிக்குக்கு முன்னால் சம்மணம் கட்டி உட்கார்ந்தேன். பண்டார சிரித்துக்கொண்டே பின்னால் வந்து உட்கார்ந்தார். "மட்ட படகினி, சேர், எனக்குச் சரியான பசி" என்றார். மௌலவி வந்தார். ராசிக்கின் பராட்டாவை ஒளித்து ஒளித்து வாங்கித் தின்று வந்த திரீவீல்காரன் ஒருவன், "போனாப் போகுது" என்று வந்து உட்கார்ந்தான். ஐந்து பேர். ஆறாவது இடம் வெறுமையாகக் கிடந்தது.

பந்தலில் மற்ற சஹன்கள் எல்லாம் நிரம்பிவிட்டன. நெய்ச்சோற்று வாசம் வயிற்றைக் கிள்ளியது. ஹாஜியார் ஓடி வந்தார். "சேர், ஆரம்பிப்போம். மூடியத் தொறக்கச் செல்றேன்."

"சஹன் நெறயல்லயே ஹாஜியார். நெறயாம நான் கை வைக்க மாட்டேன்."

என் குரல் சின்னக் குரல் இல்லை. பந்தல் முழுவதும் திரும்பிப் பார்த்தது. ராசிக் எழும்பினார். வெளியே போகப் போகிறார் என்று நினைத்து அவர் கையை எட்டிப் பிடித்தேன். அவர் என் கையை மெதுவாக விலக்கிவிட்டுச் சனத்தைப் பார்த்தார்.

"எனக்கு வலிப்பு ஈக்கிது" என்றார். "எட்டு வயசுல இருந்து ஈக்கிது. எண்ட பொஞ்சாதி எண்ட கோப்பையில தின்றா. அவக்கி ஒண்டுமில்ல. நான் ஒளிச்சு வெச்சது ஒங்கட இந்த முகத்துக்குப் பயந்துதான். இனி ஒளிக்கல்ல. வர விருப்பமில்லாதவங்க வராதீங்க. ஆனா நான் எழும்பிப் போக மாட்டேன். நானும் இந்த ஊர்ல பொறந்தவன்." சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். மௌலவி "அல்ஹம்துலில்லாஹ்" என்றார்.

அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது, அன்று கந்தோரில் ஹாஜியாரின் முகம் ஏன் வெளுத்தது என்று.

"ஹாஜியார்" என்றேன். "அன்னைக்கு எல்லாரும் ஓடின நேரம் இவரப் பிடிச்சது நீங்க ஒருத்தர்தானே? நுரை யார் கையில பட்டிச்சி?"

அவர் வலது கையைச் சால்வையில் துடைத்துக்கொண்டார். "எண்ட கையிலதான்" என்றார். "அண்டயில இருந்து தூக்கமில்ல சேர். கைய எத்தன தரம் கழுவினேனோ தெரியா. இண்டைக்கி வருமா, நாளைக்கி வருமாண்டு பயந்து பயந்து... மகன்ட கலியாணத்துல வந்துருமோண்டும் பயந்தேன்."

"வந்திச்சா?"

"இல்ல."

"வராது. வரவே வராது ஹாஜியார். ஊருல பயமில்லாம இருக்க முதல் உரிமை உங்களுக்குத்தான். ஓடாம நின்ன ஆள் நீங்க."

அவர் பெருமூச்சு விட்டது பந்தல் முழுவதற்கும் கேட்டிருக்கும். விருந்து கொடுக்கிறவர் வழக்கமாக, எல்லோரும் சாப்பிட்டு முடிந்த பிறகுதான் உட்காருவார். ஹாஜியார் தோளில் கிடந்த சால்வையை எடுத்து மகனிடம் எறிந்தார். சாரத்தை மடித்துக்கொண்டு ராசிக்கின் பக்கத்தில் முழங்கால் முட்ட உட்கார்ந்தார். "தொறங்கடா மூடிய!" என்று கத்தினார். மூடி திறந்தது. ஹாஜியார் இறைச்சித் துண்டில் பெரியதைப் பிய்த்து ராசிக்கின் பக்கம் தள்ளினார். "பல்ல ஒடச்சதுக்கு மாப்பு தா தம்பி, மன்னிச்சிரு" என்றார். ராசிக் சிரித்தார், பாதிப் பல்லோடு. "இறைச்சி அவியல்ல ஹாஜியார். எனக்கிட்டத் தந்தீந்தா இப்பிடியா ஈக்கும்?" எங்கள் சஹன் வெடித்துச் சிரித்தது. எத்தனையோ விருந்துகளில் உட்கார்ந்திருக்கிறேன், அந்த அவியாத இறைச்சிக்கு ஈடாக ஒன்றையும் தின்றதில்லை.

மறுநாள் காலை ராசிக்கின் கடையில் மா முடிந்துபோனது. அடுத்த ரமழானுக்குள் கிளினிக் வைத்தியரும் சரி என்று தலையசைத்துவிட்டார். கஞ்சி காய்ச்ச அவரைத்தான் கூப்பிட்டார்கள். இடையில் கஞ்சி காய்ச்சிய ஆளைப் பற்றி ஊர் சொன்னதை நான் எழுத விரும்பவில்லை. பள்ளிவாசல் அடுப்புக்கும் சுவர் கட்டப்பட்டது, ஹாஜியாரின் செலவில்.

நான் ஓய்வு பெற்றுவிட்டேன். ஆனாலும் நோன்பு காலத்தில் அந்தக் கஞ்சிக்காக மாத்தளையிலிருந்து பஸ் ஏறுவேன். போன ரமழானில் வாளியோடு வரிசையில் நின்றேன். சுவருக்கு இந்தப் பக்கம் நின்று உப்புப் பார்த்துக்கொண்டிருந்த ராசிக் திடீரென்று சரிந்தார். நீண்ட காலத்துக்குப் பிறகு வந்த வலிப்பு. முன்னால் ஓடப் போனேன், தேவைப்படவில்லை. அதற்குள் ஹாஜியார் முழங்காலிட்டு அவரைப் பக்கவாட்டில் திருப்பிவிட்டார். சால்வையை மடித்துத் தலைக்கடியில் வைத்தார். ஒருவர் மணிக்கூட்டைப் பார்த்தார். மௌலவி பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொன்னார். ஒருவரும் வீடியோ எடுக்கத் தொலைபேசியைத் தூக்கவில்லை. வரிசையில் நின்றவர்கள் வாளிகளோடு நின்ற இடத்திலேயே நின்றார்கள்.

கொஞ்ச நேரத்தில் அடங்கியது. ராசிக்கைக் கதிரையில் இருத்தினார்கள். வாயில் வழிந்ததை ஹாஜியார் தன் கைக்குட்டையால் துடைத்தார், சட்டைப் பையில் போட்டுக்கொண்டார், கையைக் கழுவிவிட்டு அகப்பையை எடுத்தார். மிளகு வியாபாரி கஞ்சி அள்ளத் தொடங்கினார்.

ராசிக் சோர்ந்த கண்களால் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பொறுக்க முடியாமல் போய்விட்டது.

"மேலாலயா அள்ளுறது ஹாஜியார்? இறைச்சியெல்லாம் கீழ ஈக்கி! அடியில இருந்து கலக்கி அள்ளுங்க!"

"சரி சரி, ஏசாதடா" என்றார் ஹாஜியார். அகப்பையை அடிவரை விட்டுக் கலக்கி, என் வாளியை நிரப்பினார்.